பார்சல் சுவையில் மொறுமொறு பன்றி இறைச்சி: மலைமேல் வீட்டுச் சமையலறையில் செய்வது எப்படி?

பொன்முடி: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக வந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. நகரத்துச் சீன உணவகத்தில் பார்சலாக வாங்கும் பன்றி இறைச்சி வறுவல் இந்தப் பயணத்தைத் தாங்குவதில்லை. மூடிய டப்பாவுக்குள் இறைச்சியிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி, மேலே படிந்த மொறுமொறுப்பான மாவு ஓட்டையே நனைத்துவிடுகிறது. மலை உச்சியில் டப்பாவைத் திறக்கும்போது ஊறிய மாவும் இறைச்சியும்தான் எஞ்சுகின்றன.

வீட்டிலேயே செய்துகொள்வது இதற்கு எளிய தீர்வு. உணவகச் சமையல்காரர்களின் கைத்திறனாகக் கருதப்படும் அந்த மொறுமொறுப்புக்குப் பின்னால் இருப்பவை மூன்றே செயல்கள்: சரியான மாவுச்சத்து, ஈரம் நீக்குதல், இருமுறை பொரித்தல். ஆனால், கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் பன்றி இறைச்சி சமைப்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இம்மாநிலத்துக்குள் நுழைந்த பிறகு, இறைச்சியை எங்கே வாங்குகிறோம், மிச்சத்தை எங்கே போடுகிறோம் என்பவையும் சமையலின் பகுதியாகிவிட்டன.

ஒரு பெயர், பல உணவுகள்

'சீனப் பாணி' என்று ஒற்றைச் சொல்லில் அழைக்கப்பட்டாலும், பொரித்த பன்றி இறைச்சி சீனாவில் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. சிச்சுவான் பகுதியில் 'ஷியாவோ சு ரோ' எனப்படும் வறுவலில், நாவை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு சேர்க்கப்படுகிறது. இந்த மிளகுக்கு நெருங்கிய உறவான மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. கொங்கணச் சமையலில் 'திர்ஃபல்' என்ற பெயரில் மீன் குழம்புக்குப் பயன்படுவது அதன் காய்தான். சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான 'குவோ பாவ் ரோ', இனிப்பும் புளிப்பும் கலந்த பாகில் புரட்டப்படுவது. ரஷ்ய விருந்தினர்களின் நாவுக்கு ஏற்ப அது இனிப்பாக்கப்பட்டது என்பது வழங்கிவரும் வரலாறு. தென்சீனத்தின் கான்டன் பாணியான 'கு லாவ் ரோ' தான் கடல் கடந்து சென்று உலகெங்கும் 'ஸ்வீட் அண்ட் சவர் போர்க்' ஆனது.

இந்தியாவுக்குச் சீனச் சமையல் வந்த வழி கொல்கத்தா. அங்குள்ள டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஹக்கா சீனர்கள் நடத்திய உணவகங்களில்தான் பச்சை மிளகாயும் சோயாவும் ஒரே வாணலியில் சேர்ந்தன. இன்று சாலையோரக் கடை வரை பரவியிருக்கும் 'மஞ்சூரியன்', கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் உருவாக்கியதாகக் கூறப்படுகிறது.

கேரளத்துக்கோ சீன உறவு இவை அனைத்துக்கும் முந்தையது. சீன மாலுமி செங் ஹேயின் கப்பல்கள் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வந்து சென்றன. கொச்சிக் கடற்கரையின் சீன வலை, ஊறுகாய் போடும் சீன பரணி ஆகியவற்றோடு, மலையாளிகள் அன்றாடம் அடுப்பில் ஏற்றும் வாணலிக்கும் 'சீனச்சட்டி' என்றே பெயர். எனவே பாத்திரம் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மரச்சீனி தரும் மொறுமொறுப்பு

வீட்டில் செய்யும் வறுவல் தோற்றுப்போவது பெரும்பாலும் மைதாவால்தான். மைதாவில் உள்ள குளூட்டன் புரதம் தண்ணீரோடு சேர்ந்து இழுவைத்தன்மை பெறுகிறது. பொரித்த சில நிமிடங்களில் ஓடு பஜ்ஜி போலத் தடித்து மெத்தென்றாகிவிடும். சீனச் சமையல்காரர்கள் பயன்படுத்துவது புரதம் ஏறக்குறைய இல்லாத தூய மாவுச்சத்து. வடகிழக்குச் சீனாவில் அது உருளைக்கிழங்கிலிருந்தும், தைவானில் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் இதற்கு ஈடான பொருள் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. மரச்சீனி என்று இங்கே அழைக்கப்படும் மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்துதான் அது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இக்கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்தார். மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963-இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் இதே மாவுச்சத்து உற்பத்தியாகிறது.

மரவள்ளி மாவுச்சத்தை மட்டும் பயன்படுத்தினால் ஓடு கண்ணாடி போல மெல்லியதாக வரும். ஆனால் கடிக்கும்போது சற்றே சவ்வுத்தன்மை தெரியும். இதில் அமைலோஸ் என்ற கூறு குறைவு என்பதே காரணம். கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கப்படும் மக்காச்சோள மாவுச்சத்தில் அமைலோஸ் அதிகம். அது ஓட்டுக்கு விறைப்பைத் தருகிறது. ஆகவே இரண்டு பங்கு மரவள்ளி, ஒரு பங்கு மக்காச்சோளம் என்ற கலவை நல்ல பலன் தரும்.

செய்முறை

நான்கு பேருக்கு அரை கிலோ இறைச்சி போதுமானது. தொடைப் பகுதியைவிட, இடையிடையே கொழுப்பு ஓடும் கழுத்து அல்லது தோள்பட்டைப் பகுதியே இதற்கு ஏற்றது. கொழுப்பு அறவே இல்லாத துண்டு பொரித்ததும் நார்போல வறண்டுவிடும். இறைச்சியை அரை மணி நேரம் உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுத்தால் வெட்டுவது எளிது. தசைநாருக்குக் குறுக்காக, விரல் நீளத்தில், ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்க வேண்டும். பின்னர் சுத்தமான துணி அல்லது காகிதத்தால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் கைவிடுவது இந்தப் படியைத்தான். ஈரமான துண்டில் மாவு ஒட்டாது. ஒட்டினாலும் எண்ணெயில் கழன்றுவிடும்.

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றில் இறைச்சியை அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். சோயாவிலேயே உப்பு நிறைய இருப்பதால் இதற்கு மேல் சேர்க்கத் தேவையில்லை.

இறைச்சி ஊறும் நேரத்தில் மாவைத் தயாரிக்கலாம். 100 கிராம் மரவள்ளி மாவுச்சத்தையும் 50 கிராம் கார்ன்ஃப்ளாரையும் ஒரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அசைக்காமல் அரை மணி நேரம் வைத்தால், மாவு அடியில் கெட்டியாகப் படியும். மேலே தெளிந்த நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஹார்பின் சமையல்காரர்கள் கையாளும் முறை இது. வீட்டில் கூவைக்கிழங்கு மாவு எடுத்துப் பழகிய கேரளத்துப் பெண்களுக்குப் புதிதாகத் தோன்றாது. படிந்த மாவுடன் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் இறுக்கிப் பிடித்தால் கெட்டியாகவும், விரலைத் தளர்த்தினால் வழிந்தோடுவதாகவும் இருந்தால் பதம் சரி. வடித்தெடுத்த இறைச்சியை இதில் புரட்டிக்கொள்ளலாம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, கேரளத்துச் சமையலறையின் வழக்கத்தைச் சற்றே மாற்ற வேண்டியிருக்கிறது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்குவதால், இந்த வறுவலின் இரண்டாம் கட்ட வெப்பத்துக்கு அது ஈடுகொடுக்காது. சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ பொருத்தமானது.

முதல் கட்டத்தில் எண்ணெய் 160 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் வைத்துப் பார்க்கலாம். சுற்றிலும் சிறு குமிழிகள் மெதுவாக எழுந்தால் போதும். துண்டுகளை ஒவ்வொன்றாக, மூன்று தவணைகளில் போட்டு, மூன்று முதல் நான்கு நிமிடம் வரை பொரித்து எடுக்க வேண்டும். வாணலியை நிரப்பினால் எண்ணெயின் வெப்பம் சட்டென்று இறங்கி, மாவு எண்ணெயைக் குடித்துவிடும். இந்த நிலையில் துண்டுகள் வெளிறியே இருக்கும்.

அடுத்து ஐந்து நிமிட ஓய்வு. இறைச்சியின் உள்ளிருக்கும் ஈரம் இந்த இடைவெளியில் ஓட்டை நோக்கி நகர்கிறது. பொரித்தபோது மொறுமொறுப்பாக இருந்த துண்டு சிறிது நேரத்தில் தளர்ந்துபோவது இதனால்தான். இரண்டாவது முறை 190 டிகிரி எண்ணெயில் 45 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை பொரிக்கும்போது, ஓட்டில் சேர்ந்த அந்த ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. உள்ளிருக்கும் சாறு வறள்வதற்குள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. பொன்னிறமானதும் கம்பி வலைத்தட்டில் பரப்ப வேண்டும். காகிதத்தின் மீது குவித்தால் அடிப்பக்கம் ஆவியில் நனையும்.

உப்பு-மிளகுப் பாணி விரும்புவோர், காய்ந்த வாணலியில் நறுக்கிய பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள் ஆகியவற்றை அரை நிமிடம் வதக்கி, வறுத்துப் பொடித்த மிளகும் உப்பும் தூவி, துண்டுகளை ஒரு முறை புரட்டி எடுத்தால் முடிந்தது. இனிப்பு-புளிப்புப் பாணிக்கு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, அதே அளவு வினிகர், ஒரு தேக்கரண்டி சோயா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைப் பெரிய குமிழிகள் வரும்வரை காய்ச்சி, 15 விநாடிக்கு மேற்படாமல் புரட்ட வேண்டும். கள்ளிலிருந்து எடுக்கும் தென்னை வினிகர் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. வெளியே எடுத்துச் செல்வதானால் பாகைத் தனியாகக் கட்டி, வறுவல் ஆறும்வரை டப்பாவைத் திறந்தே வைப்பது நல்லது. பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் எலும்பு நீக்கிய கோழித்தொடையில் இதே முறையைப் பின்பற்றலாம்.

உயரம் செய்யும் மாற்றம்

பொன்முடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். எண்ணெயின் இயல்பு மாறுவதில்லை என்றாலும், இறைச்சிக்குள் இருக்கும் நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாவதால், வெளிப்புறம் சிவந்த பிறகும் உட்புறம் வேகாமல் நிற்க வாய்ப்பு உண்டு. எனவே உயரமான இடங்களில் எண்ணெயின் வெப்பத்தை ஐந்து அல்லது ஆறு டிகிரி குறைத்து, முதல் கட்டப் பொரிப்பை அரை நிமிடம் நீட்டிப்பது உகந்தது. ஓட்டைத் தளர்த்துவதில் மூடுபனிக்கும் பங்கு உண்டு. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பரிமாறினால், காற்றின் ஈரப்பதமே சில நிமிடங்களில் மொறுமொறுப்பைப் பறித்துவிடும்.

வேகாத இறைச்சியும் நாடாப்புழுவும்

பன்றி இறைச்சியின் உட்புற வெப்பம் 71 டிகிரியை எட்டுவது பாதுகாப்பானது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டுகள் மேற்கண்ட முறையில் இதை எளிதில் எட்டிவிடும். பெரிய துண்டை வெட்டிப் பார்க்கும்போது நடுவில் பச்சையாகத் தெரிந்தால் மீண்டும் எண்ணெயில் இட வேண்டும்.

இது தொடர்பாகப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. வேகாத பன்றி இறைச்சியை உண்டால் புழு நேரடியாக மூளைக்குச் செல்லும் என்று பலர் நம்புகின்றனர். வேகாத இறைச்சியில் இருக்கும் நாடாப்புழுக் கட்டிகள் உண்டாக்குவது குடல் நாடாப்புழு. வலிப்புக்குக் காரணமாகும் மூளைப் பாதிப்பு, அப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் செல்வதால் ஏற்படுவது. அந்த முட்டைகள் குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தின் வழியாக வெளியேறி, கழுவாத கை, அசுத்தமான நீர், பச்சைக் காய்கறி ஆகியவற்றின் மூலம் பரவுகின்றன. பன்றி இறைச்சியைத் தொடாத சைவ உணவாளர்களுக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

காய்ச்சலும் காட்டுப்பன்றியும்

இந்தியாவில் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் மானந்தவாடி பகுதியில் உறுதிசெய்யப்பட்டது. இந்த வைரஸ் மனிதர்களைத் தாக்குவதில்லை. எனவே நன்கு வெந்த இறைச்சியை உண்பவர்கள் அஞ்சத் தேவையில்லை. பன்றிகளுக்கோ இது பெரும்பாலும் மரணத்தில் முடிகிறது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகள் கொல்லப்படுகின்றன. 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நீள்கிறது. ஒரு சிறு பண்ணையாளரின் முதலீடு முழுவதும் ஒரே நாளில் குழிக்குள் போய்விடும்.

ஆகவே உரிமம் பெற்ற கடைகளிலேயே இறைச்சி வாங்குவது நல்லது. கூத்தாட்டுக்குளத்தில் இயங்கும் மாநில அரசு நிறுவனமான மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பதப்படுத்திய பன்றி இறைச்சியை விற்பனை செய்கிறது. காட்டுப்பன்றி இறைச்சி மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் கூறினால் விலகிக்கொள்வதே முறை. பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. எனினும், கொல்லப்பட்ட விலங்கை உண்ண அனுமதி இல்லை. உடலை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். வேட்டையாடுவதும் இறைச்சியை வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

பொன்முடியைச் சுற்றிலும் காடு. அருகிலேயே பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ், உறைந்த இறைச்சியிலும் பதனிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சமையலில் கழித்த பச்சைக் கொழுப்பையும் எலும்பையும் சரிவில் வீசினால், அதை முதலில் மோப்பம் பிடித்து வருவது காட்டுப்பன்றிதான். உணவகக் கழிவுகளைத் தீவனமாகப் பயன்படுத்தும் பண்ணைகளுக்கும் இதே ஆபத்து பொருந்தும். கழிவை நன்கு கொதிக்க வைக்காமல் பன்றிகளுக்குக் கொடுக்கக் கூடாது. மலையில் தங்கிச் சமைப்பவர்கள் இறைச்சிக் கழிவை இறுகக் கட்டி, கீழே இறங்கும்போது உடன் எடுத்துச் சென்று, கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். முடியாத நிலையில், விலங்குகள் தோண்டி எடுக்காத ஆழத்தில், வீட்டு வளாகத்துக்குள்ளேயே புதைக்கலாம்.