ஜஸ்டின் தெரணியகலவும் சப்பிரகமுவத் தோட்டங்களும்: ஓவியமும் நிலவுடைமையும் பற்றி ஒரு நோக்கு

அவிசாவளையைக் கடந்து, தெஹிஓவிட்டவிலிருந்து உள்ளே செல்லும் வீதியில் தெரணியகலை என்று ஓர் ஊர் உண்டு. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும் பயிரிடப்பட்ட தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களிலே பிறந்து வளர்ந்த தமிழருக்குத் தெரணியகலை என்பது கடைக்கும் தபாற்கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் ஊர். கொழும்பிலே நவீன ஓவியம் பற்றிப் பேசுவோருக்கோ அப்பெயர் ஒரு மனிதரைக் குறிப்பது. 1903ஆம் ஆண்டு பிறந்து 1967ஆம் ஆண்டு மறைந்த ஜஸ்டின் தெரணியகல, இலங்கை ஓவியத்தில் வெளிப்பாட்டுவாதத்தை மிகத் தீவிரமாகக் கையாண்டவர் எனக் கொள்ளப்படுபவர். ஊரையும் ஓவியரையும் ஒருங்கே வைத்து நோக்கும் முயற்சி தமிழில் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எத்தகையது என்பதே இங்கு நமது வினா. குடும்பப் பெயரின் மூலத்தை ஆராய்வது நமது நோக்கமன்று.

ஜஸ்டினின் தந்தையாரைத் தமிழ் ஆய்வாளர் நன்கறிவர். சிவில் சேவை உத்தியோகத்தராகவும் நீதிபதியாகவும் விளங்கிய சேர் போல் பீரிஸ், போர்த்துக்கேயர் கால இலங்கை வரலாற்றை எழுதியவர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்தில் கந்தரோடையில் அகழ்ந்து, அங்குக் கிடைத்த பௌத்தச் சின்னங்களைப் பற்றி 1917இலும் 1919இலும் கட்டுரைகள் வெளியிட்டவர். தந்தையார் பீரிஸ் எனும் போர்த்துக்கேய வழிப் பெயரால் அறியப்பட, புதல்வர் மூவரும் தெரணியகல எனும் சிங்களப் பெயரால் அறியப்பட்டமை தற்செயலன்று. கரையோரச் சிங்கள முதலியார் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் அடையாளத்தை மறுவார்ப்புச் செய்தமையின் ஒரு சிறு வெளிப்பாடு அது. மூத்தவராகிய பி. ஈ. பி. தெரணியகல 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தார். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் புதைபடிமங்களை உலகுக்கு அறிவித்தவர் அவரே. இன்னொரு சகோதரர் பாராளுமன்றச் செயலகத்தில் உயர்பதவி வகித்தார். ஜஸ்டின் ஒருவரே உத்தியோகம் எதனையும் நாடாதவர். கேம்பிரிட்ஜில் கற்று, லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியிலும் பாரிஸிலும் ஓவியம் பயின்று திரும்பிய அவர், கண்டி வீதியில் கேகாலை மாவட்ட எல்லைக்குச் சற்று முன்பாக உள்ள பஸ்யாலையில், நுகேதொல என்னும் குடும்பக் காணியிலே வாழ்ந்தார்.

அங்கிருந்தபடி அவர் வரைந்தார், விற்பதற்காக அல்ல. பொதுமக்களின் இரசனை, பத்திரிகை விமர்சனம், ஓவியச் சந்தை ஆகிய எதனையும் அவர் பொருட்படுத்தவில்லை. வரைந்தவற்றைப் பேணுவதிலும் அக்கறை காட்டினாரல்லர். ஈரமும் பூச்சியும் அவருடைய படங்கள் பலவற்றைச் சேதப்படுத்தின. இதனைக் கலைஞனின் துறவு மனோபாவம் என்று வியப்போர் உளர். நாம் அவ்வாறு வியப்பதற்கு முன்னர் மிக எளிய கேள்வியொன்றைக் கேட்டாதல் வேண்டும். விற்காமல் வாழ்வதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது?

காணியிலிருந்து வந்தது என்பதே விடை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கண்டிச் சிங்களக் கிராமங்களின் பொதுநிலங்களை அரசின் உடைமையாக்கியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது அது பெரும்பாலும் ஆங்கிலக் கம்பனிகளின் கையில் இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலையிலும் இறப்பர் பரவியபோது உள்ளூர் முதலும் அதில் குறிப்பிடத்தக்க பங்கு கொண்டது. தென்னையிலோ அப்பங்கு இன்னும் பெரிது. சாராயக் குத்தகை, காரீயச் சுரங்கம், அரச மானியக் காணி என்பனவற்றாற் செல்வம் திரட்டிய குடும்பங்களின் அடுத்த தலைமுறையினரே கேம்பிரிட்ஜுக்கும் பாரிஸுக்கும் கப்பலேறினர். ஆகவே சந்தையைப் புறக்கணிக்கும் சுதந்திரத்தையும் நில வருமானமே அளித்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அதே காலத்தில் ஐரோப்பிய ஓவியன் ஒருவன் வியாபாரியின் தயவை எதிர்பார்த்து நின்றான். பஸ்யாலையில் அந்த நெருக்கடி இல்லை.

இம்மட்டில் நின்றுவிடின் நமது ஆய்வு கொச்சைப் பொருளாதாரவாதமாகிவிடும். வருமானம் எங்கிருந்து வந்தது என்பது ஓவியம் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடாது. அதே வர்க்கத்தைச் சேர்ந்த எத்தனையோ பேர் அவ்வருமானத்தைக் குதிரைப் பந்தயத்திலே செலவிட்டனர்.

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லயனல் வென்ட்டின் கொழும்பு இல்லத்திலே கூடிய ஓவியர்கள் 43ஆம் குழுவை அமைத்தனர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ரிச்சட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன், ஓப்ரி கொலெற், மஞ்சுஸ்ரீ ஆகியோருடன் தெரணியகலவும் அதில் இருந்தார். இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் அக்காலத்திலே தொங்கியவை பெரும்பாலும் விக்டோரிய இரசனைக்குரிய படங்கள்: அந்தி நேரத்து வாவி, முற்றத்து மலர், குடமேந்திய கிராமத்துப் பெண். குழுவினர் இவ்வினிப்பை எதிர்த்தனர். அவர்களுள்ளும் தெரணியகலவின் படங்களே பார்வையாளரை அதிகம் மிரட்டின. தடித்த சாயப் பூச்சு, முறுகிய கோடுகள், உருத்திரிந்த முகங்கள், அழகென்று எதனைச் சொல்வதென்று கண்ணைத் தடுமாற வைக்கும் உடல்கள். வரையத் தெரியாதவர் என்றோ, வேண்டுமென்றே அசிங்கப்படுத்துபவர் என்றோ இத்தகைய ஓவியத்தை ஏசுவது எளிது. ஸ்லேட்டில் முறைப்படி உருவ வரைகலை பயின்ற ஒருவருக்கு முதலாவது குற்றச்சாட்டுப் பொருந்தாது. இரண்டாவது குற்றச்சாட்டையே நாம் கவனித்தல் வேண்டும்.

உழைக்கும் உடலை அழகுபடுத்திக் காண்பது எப்பொழுதும் அந்த உடலுக்குச் செய்யும் மரியாதையாக இருப்பதில்லை. இதற்கு நமக்கு வேதனை தரும் சான்றொன்று உண்டு. வென்ட், கீற் ஆகியோருடன் பழகிய சிலிநாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா 1929இல் கொழும்புக்குத் தூதரக அலுவலராக வந்து வெள்ளவத்தையில் வசித்தார். அவர் மறைந்த பின்னர் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில், தம் வீட்டு மலக்கூடத்தைச் சுத்திகரிக்க வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியுள்ளார். அந்நிகழ்ச்சியை விவரிக்குமிடத்து அப்பெண்ணை அவர் சிலைக்கு ஒப்பிடுகின்றார். முற்போக்கு இலக்கியத்தில் நாம் போற்றிவந்த பெயர்களுள் ஒன்று அது. ஆதலாலேயே இதனை மறைக்க இயலாது. உழைப்பாளியைச் சிலையாகக் காணும் கண், அவளிடம் மறுப்பும் அச்சமும் அருவருப்பும் உண்டென்பதைக் காண மறுக்கும் கண்ணாகவும் இருக்கலாம்.

தெரணியகல எவரையும் சிலையாக்கவில்லை. தாயும் சேயும் என்பது அவர் மீண்டும் மீண்டும் எடுத்த பொருள்களுள் ஒன்று. அத்தாய்மாரிடம் நாட்காட்டிப் படத்துக்குரிய சாந்தம் இல்லை. களைப்பும் ஒருவகை மூர்க்கமும் உண்டு. கொழும்பு பான்ஸ் பிளேசில், ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்தில் இயங்கும் சப்புமல் நிறுவனத்தில் இவ்வோவியங்களை முதன்முறை பார்த்தபொழுது, நாம் எதிர்பார்த்துச் சென்ற நிலப்பிரபுவின் மனநிறைவு அவற்றில் இல்லாமை கண்டு சிறிது சங்கடமுற்றோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அச்சங்கடத்துக்கு நமது விமரிசன மரபிலும் காரணம் உண்டு. ஈழத்து மார்க்சிய விமரிசனம் யதார்த்தவாதத்தை உரைகல்லாகக் கொண்டு வளர்ந்தது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தபொழுது அவ்வுரைகல் நமக்குப் பெரும்பயன் அளித்தது. ஆனால் அதே அளவுகோல் வெளிப்பாட்டுவாதத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. 1934இல் லூக்காச் எழுதிய கட்டுரை, அவ்வியக்கத்தை வரலாற்றைப் புரிந்துகொள்ளாத குட்டிபூர்ஷ்வா எதிர்ப்பென்றும், அதன் சில கூறுகள் பாசிசத்துக்கு இடமளித்தன என்றும் கூறியது. மூன்றாண்டுகளின் பின், 1937 யூலையில், நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சியை நடத்தி அதே ஓவியர்களை இழிவுபடுத்தினர். எமில் நோல்டேயின் படைப்புகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை பொதுக் கலைக்கூடங்களிலிருந்து பறிமுதல் செய்யப்பட்டன. நோல்டேயோ நாஜிக் கட்சியின் உறுப்பினர், யூத வெறுப்பாளர்! மறுபுறம், நெசவாளர் எழுச்சியையும் உழவர் போரையும் செதுக்கிய கேதே கோல்விட்ஸையும் இவ்வியக்கத்துடன் சேர்த்தே பேசுகின்றோம். ஒரே வடிவம் இரு திசைகளிலும் சென்றது. 1938இல் ஏர்ன்ஸ்ட் புளொக் லூக்காச்சை மறுத்தார். பிரெக்ட் எழுதிய மறுப்புகள் அவர் உயிரோடிருந்த காலத்தில் அச்சேறவில்லை. இவ்விவாதம் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக 1977இலேதான் கிடைத்தது. நாம் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதிய காலம் ஒன்று இருந்தது.

தெரணியகலவின் தலைமுறையையும் இவ்விடத்து நோக்குதல் பயன்தரும். 1901இல் பிறந்த பிலிப் குணவர்த்தன அவிசாவளை பொரலுகொட வளவைச் சேர்ந்தவர். என். எம். பெரேரா 1905இல் பிறந்தவர். ஓவியரைப் போலவே மேல்நாட்டில் கற்று முப்பதுகளின் தொடக்கத்தில் நாடு திரும்பிய இவர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் முன்னவர் அவிசாவளைத் தொகுதியையும் பின்னவர் ருவன்வெல்லத் தொகுதியையும் வென்றனர். இரண்டும் இறப்பர்த் தோட்டங்கள் நிறைந்த தொகுதிகள். ஏறத்தாழ ஒரே கல்வியும் சமூக வசதியும் கொண்ட இளைஞருள் சிலர் தொழிற்சங்கத்துடன் தோட்டத்துக்குச் செல்ல, ஒருவர் தூரிகையுடன் காணிக்குள் ஒதுங்கினார். இவ்வொப்பீட்டில் ஓவியர் தோற்கிறார் என்றே இளமையில் நாம் கருதினோம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபோது அதனை உறுதியாக எதிர்த்தது சமசமாஜக் கட்சி. 1956இலோ, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய அரசாங்கத்தில் பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தார். 1964இல் என். எம். பெரேரா கூட்டரசாங்கத்தில் நிதியமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. லயத்துக்குள் சென்றவர்கள் லயத்தை விட்டு வெளியேறினர். என்றுமே செல்லாதவரை இதனைக் கொண்டு நியாயப்படுத்த இயலாது. இருப்பினும், கலைஞனை அளக்க நாம் பயன்படுத்தும் கோலை அரசியல்வாதியின் பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டாமா?

சொல்லாமல் விடமுடியாத உண்மை இன்னொன்று உண்டு. நாம் அறிந்த வரையில், தெரணியகலவின் ஓவிய உலகில் தோட்டத் தொழிலாளி தோட்டத் தொழிலாளியாக இடம்பெறவில்லை. விடியுமுன் பால்வெட்டுக் கத்தியுடன் மரத்துக்கு மரம் செல்பவர், பிரட்டுக் களத்தில் நிற்பவர், பத்தடிக் காம்பராவில் அடுப்பூதுபவர் எவருமில்லை. இஃது அவர் ஒருவருடைய குறைபாடன்று. தந்தையார் கந்தரோடை மண்ணிலே பௌத்தச் சின்னங்களைத் தேடினார். தமையனார் இரத்தினபுரி மண்ணிலே நீர்யானையின் எலும்பைக் கண்டார். அதே மாவட்டங்களின் மண்மேல் அன்று வேலை செய்துகொண்டிருந்த மனிதர் அந்த அறிவுலகின் பொருளாக அமையவில்லை. 1946இல் கேகாலை உந்துகொடையிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தை, உருளவள்ளி எனத் தமிழர் வழங்கும் தோட்டத்தை, கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கவென அரசு சுவீகரித்துத் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். கேகாலைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. பஸ்யாலையிலிருந்து உந்துகொடை அதிக தூரமில்லை. 43ஆம் குழு உருவாகி அப்பொழுது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அக்குழுவின் நவீனத்துவம் இப்போராட்டத்தைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை.

தோட்டத்தவர் தம்மை வெளிப்படுத்த வேறு வழி கண்டிருந்தனர். மாசி மாதத்துக் காமன் கூத்தில் சாயம் அப்பிய முகங்களும், எரிந்து பின் உயிர்க்கும் காமனும், இரதியின் ஒப்பாரியும் லயத்து முற்றத்தையே அரங்காக்கின. உணர்ச்சியின் உக்கிரத்துக்காக இயல்பான முகத்தை மாற்றியமைக்கும் கலை அங்கே இருந்தது. வெளிப்பாட்டுவாதிகள் முகமூடிகளைத் தேடி ஐரோப்பிய நூதனசாலைகளுக்குச் சென்றனர். நோல்டே நியூகினி வரை பயணஞ் செய்தார். தெரணியகலவுக்கு ஒரு பகற்பயணம் போதுமானதாயிருந்திருக்கும். எழுத்திலோ, தலவாக்கலையின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடிய ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்டார். அக்காலக் கொழும்பின் கலைவட்டாரம் பேசிய மொழியும் அதுவே.

தெரணியகலவின் 'மீன்' என்னும் ஓவியம் 1956ஆம் ஆண்டு வெனிஸ் சர்வதேசக் கண்காட்சியில் யுனெஸ்கோ பரிசு பெற்றது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயே. பரிசு அவரது வாழ்க்கைமுறையை மாற்றவில்லை. 1967இல் அவர் காலமானார். அவ்வாண்டிலே பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செயற்படுத்த முனைந்தது. ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர். 300,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெற வேண்டியோர். 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. நுகேதொலையைப் போன்ற வளவுகளின் காலம் அதனோடு முடிந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டத் தமிழர் மீது தாக்குதல்கள் நிகழ்ந்தன.

தெரணியகலைப் பகுதியில் எஞ்சியிருந்த குடும்பங்களின் காம்பராக்களில், தகரப் பெட்டியின் அடியிலே, கடவுச்சீட்டுக்காக எடுக்கப்பட்ட சிறு புகைப்படங்களை நாம் கண்டதுண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள். எல்லோரும் நேரே நோக்கி, அசையாமல் இருக்கின்றனர். அக்குடும்பங்களிடம் உள்ள மிகப் பழைய உருவப்படம் அதுவே.