ஸ்கோர் அட்டையின் இலக்கணம்: ஓவல், 1971

1971 ஆகஸ்ட் 23 அன்று லண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து அணி தன் இரண்டாம் இன்னிங்ஸில் 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மறுநாள் இந்தியா நான்கு விக்கெட் வேறுபாட்டில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் முதல் தொடர் வெற்றியும் அதுவே. அந்த இன்னிங்ஸைப் பற்றிய பொதுநினைவு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது: ‘சந்திரசேகர் 38 ஓட்டங்கள் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார்.’ வாக்கியம் உண்மையே. ஆயினும் அதற்கு ஒரே ஓர் எழுவாய்தான் இருக்கிறது. பதினொருவர் கூடிச் செய்த வினை எவ்வாறு ஓர் எழுவாயின் வினையாக எழுதப்படுகிறது? விளையாட்டு வரலாற்றில் கூட்டாட்டத்தையும் தனியாட்டத்தையும் பிரித்து அளக்க முயல்வோர் அனைவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது.

விடையைத் தேட ஸ்கோர் அட்டையின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அட்டைகளில், மட்டையாளர் பிடி கொடுத்து ஆட்டமிழந்தால் பிடித்தவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. பந்து வீசியவர் பெயர் இடம்பெறவில்லை. ஸ்டம்புகள் வீழ்ந்தால்தான் அவர் பெயர் பதிவாகும். பந்துவீச்சாளரின் சூழ்ச்சியால் ஐவர் பிடி கொடுத்திருந்தாலும் அட்டையின்படி அவர் ஒரு விக்கெட்டும் எடுக்காதவர். இருவர் பெயரையும் சேர்த்தெழுதும் வழக்கம் 1830-களில்தான் பரவத் தொடங்கியது. ‘சி இன்னார் பி இன்னார்’ என்று இன்று நாம் இயல்பாக வாசிக்கும் வாய்பாட்டுக்கு ஒரு பிறப்பு உண்டு என்பதை இது காட்டுகிறது. அந்த வாய்பாடு இருவரையும் ஏற்றுக்கொண்டது, கூட்டுத்தொகை ஏற்றுக்கொள்ளவில்லை. விக்கெட் பந்துவீச்சாளரின் வாழ்நாள் கணக்கில் சேர்ந்தது. பிடி, பெரும்பாலோர் புரட்டாத வேறொரு பத்தியில் ஒதுங்கியது. ‘ரன் அவுட்’ என்பதற்கோ நெடுங்காலம் பெயரே இல்லை. பந்தை எறிந்தவர் யாரென்று அட்டை சொல்லாது.

இப்போது ஓவலின் பத்து விக்கெட்டுகளுக்குத் திரும்பலாம். சந்திரசேகரின் ஆறில் எட்ரிச் ஸ்டம்பை இழந்தார், பிரைஸ் எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேறினார், இல்லிங்வொர்த், ஸ்னோ இருவரையும் சந்திரசேகரே தம் பந்தில் தாமே பிடித்தார். ஃபிளெட்சரைச் சோல்கரும் லக்ஹர்ஸ்டை வெங்கட்ராகவனும் பிடித்தனர். ஆறில் நான்கு முழுமையாக அவருடையவை. பிறர் கை தேவைப்பட்டவை இரண்டே. வெங்கட்ராகவன் எடுத்த இரண்டும் பிறர் கைகளில் முடிந்தவை: நாட்டைச் சோல்கர் பாய்ந்து பிடித்தார், டி’ஒலிவேராவைப் பிடித்தவர் மாற்று ஆட்டக்காரரான ஜயந்திலால். ‘சி சப்’ என்று எழுதும் அட்டை மரபில் அவர் பெயருக்கு இடமில்லை. பேடி ஒரே ஓவர் வீசி அண்டர்வுட்டை மங்கட் கையில் பிடி கொடுக்க வைத்தார். எஞ்சியது ஜேம்சனின் ரன் அவுட். லக்ஹர்ஸ்ட் நேராக அடித்த பந்து சந்திரசேகரின் கையில் பட்டு எதிர்முனை ஸ்டம்பில் மோதியது. அங்கே நின்ற ஜேம்சன் கோட்டுக்கு வெளியே இருந்தார். அவ்விக்கெட் சந்திரசேகரின் கையால் விழுந்தது. ஆயினும் அவருடைய ஆறில் அது சேராது.

ஆக, அட்டை இரு திசைகளிலும் பிழைக்கிறது. பலர் கூடிச் செய்ததை ஒருவர் பெயரில் எழுதுகிறது. ஒருவர் செய்ததைப் பெயரின்றி விடுகிறது. இவற்றுக்கு அப்பால் அது பதியவே முடியாத ஒன்றும் உண்டு. மறுமுனையில் வெங்கட்ராகவன் 20 ஓவர்கள் வீசி 44 ஓட்டங்களே கொடுத்தார். ஒரு முனை இறுகியதால் மறுமுனையில் மட்டையாளர்கள் துணிய நேர்ந்திருக்கலாம். இத்தகைய பங்களிப்புக்கு அட்டையில் சொல்லே இல்லை.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் ஒரு நல்ல கருவியைத் தருகிறது. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகிய உருபுகளைக் கூறி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களை ஒரே வேற்றுமைக்குள் வைக்கிறது. ‘யாரால்’ என்பதும் ‘யாரோடு’ என்பதும் அங்கே அண்டை வீட்டார். ஸ்கோர் அட்டையின் இலக்கணத்தில் ‘ஆல்’ உருபு மட்டுமே உண்டு. ‘ஒடு’ உருபு இல்லை. விக்கெட் யாரால் விழுந்தது என்று அது சொல்லும்; யாரோடு விழுந்தது என்பதற்கு அரைகுறையாகவே விடை தரும்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து இதே சிக்கலைத் தனிப்பெயர்கள் சூட்டித் தீர்க்க முயன்றது. கூடைக்கு வழிவகுக்கும் கடைசிக் கைமாற்றம் ‘அசிஸ்ட்’ என்ற பெயரில் 1946-47 பருவத்திலிருந்தே எண்ணப்பட்டது. எதிராளியின் எறிதலைத் தடுக்கும் ‘பிளாக்’, பந்தைப் பறிக்கும் ‘ஸ்டீல்’ ஆகியவை 1973-74 பருவத்தில்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறின. அதற்குள் பில் ரஸல் ஓய்வு பெற்றிருந்தார். 13 பருவங்களில் 11 பட்டங்களை வென்ற பாஸ்டன் அணியின் தடுப்பரணாக விளங்கிய அவருக்கு அதிகாரபூர்வமாக ஒரு பிளாக் கூட இல்லை. 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். அவ்வாண்டின் பட்டம் ரஸலின் அணிக்குச் சென்றது.

பெயர் சூட்டுவதற்கும் எல்லை உண்டு என்று உணர்ந்தவர்கள் பின்னர் ‘பிளஸ்-மைனஸ்’ என்ற வேறு வழியை நாடினர். ஒரு வீரர் களத்தில் இருக்கும் நிமிடங்களில் அணி எத்தனை புள்ளிகள் முந்தியது, எத்தனை புள்ளிகள் பிந்தியது என்று மட்டும் பார்ப்பது அது. அவர் என்ன செய்தார் என்று அது கேட்பதில்லை. எப்போதும் சேர்ந்தே ஆடும் இருவரை அதனால் பிரித்தறிய முடியாது. அதனாலேயே உடனாடுவோரின் தரத்தையும் எதிராளிகளின் தரத்தையும் கணக்கிற்கொள்ளும் திருத்தப்பட்ட வடிவங்கள் எழுந்தன.

கிரிக்கெட்டில் இம்முறை எளிதில் செல்லாது. கூடைப்பந்தில் வீரர்கள் இடையறாது மாறுகிறார்கள். கிரிக்கெட்டில் பதினொருவரும் இறுதிவரை மாறுவதில்லை. ஒருவர் இல்லாதபோது என்ன நிகழ்ந்தது என்று காண வேறொரு டெஸ்டுக்கு, வேறொரு ஆடுகளத்துக்குச் செல்ல வேண்டும். நம் புகழ்பெற்ற சுழல் நால்வரையே எடுத்துக்கொள்ளலாம். பேடி 67 டெஸ்டுகளில் 266, சந்திரசேகர் 58-இல் 242, பிரசன்னா 49-இல் 189, வெங்கட்ராகவன் 57-இல் 156 விக்கெட்டுகள், கூட்டினால் 853. ஆனால் நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று: 1967, பர்மிங்ஹாம். அதில் இந்தியா 132 ஓட்டங்களில் தோற்றது. 853 என்ற எண் ஓர் அணியின் எண்ணன்று. நான்கு தனிக்கணக்குகளின் கூட்டல். ‘நால்வர்’ என்ற தொகைச்சொல்லே அதற்கு ஒருமை கொடுத்தது.

உண்மையில் அவர்களுள் பெரும்பாலோரோடு அடிக்கடி சேர்ந்து ஆடியவர் அந்தத் தொகைச்சொல்லுக்கு வெளியே நின்றார். ஏக்நாத் சோல்கர் பம்பாய் இந்து ஜிம்கானாவின் திடல் பராமரிப்பாளரின் மகன். 27 டெஸ்டுகள் ஆடி 1,068 ஓட்டங்கள், ஒரு சதம், 18 விக்கெட்டுகள். இந்த எண்கள் ஒருவரை 27 டெஸ்டுகளுக்குத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்லமாட்டா. காரணம் 53 பிடிகளில் இருக்கிறது. தலைக்கவசம் வழக்கத்துக்கு வராத காலத்தில் மட்டையாளருக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் நின்று, டெஸ்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வீதம் பிடித்தவை அவை. அவர் அங்கே நிற்கிறார் என்பதால் மட்டையாளர் ஆடாமல் விட்ட அடிகள் எந்தப் பத்தியிலும் இல்லை.

ஆயினும் ஆய்வாளருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. கூட்டுத்தொகைகள் அழித்ததை மூல அட்டை இன்னும் வைத்திருக்கிறது. சோல்கரின் 53 பிடிகளில் ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு பந்துவீச்சாளரின் பெயர் உண்டு. அட்டையை மேலிருந்து கீழாகக் கூட்டினால் தனிமனிதர்கள் கிடைப்பார்கள். இடமிருந்து வலமாக வாசித்தால் இணைகள் கிடைக்கும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது என்று மொழித்தரவகங்களில் எண்ணும் அதே முறைதான். எவருடைய விக்கெட்டுகளில் எத்தனை எவருடைய கையில் முடிந்தன, அக்கை இல்லாத ஆட்டங்களில் அவ்விகிதம் எவ்வாறு மாறியது என்பவை விடை காணத்தக்க கேள்விகள். பந்துக்குப் பந்து களநிலை பதிவாகாத காலம் என்பதால் அவ்விடைகள் முழுமையாகா. எனினும் ‘ஆல்’ உருபால் மட்டும் எழுதப்பட்ட ஒரு வரலாற்றில் ‘ஒடு’ உருபைத் திரும்பச் சேர்க்க அவை போதும்.

இது விளையாட்டோடு நிற்பதன்று. களப்பணியில் நாட்கணக்கில் அமர்ந்து சொல்லும் பொருளும் தந்த பேச்சாளர்கள் நம் ஆய்வேடுகளின் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கை ஆய்வாளரின் பெயரில் ஏறுகிறது. அந்த அட்டையையும் நாம் கூட்டிப் பார்த்தே பழகியிருக்கிறோம்.

ஹெப்பகோடி, பெங்களூரு