தனுஷ்கோடி: புயலுக்கு முன்னால் ஒரு துறைமுகம்

தனுஷ்கோடி என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 1964 டிசம்பர் புயல்தான் ஞாபகம் வரும். இப்போது ராமேஸ்வரம் போகிறவர்களும் வேன் பிடித்துப் போய், இடிந்த தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர் எப்படி அழிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எதற்காக இருந்தது என்பதுதான் மறந்துகொண்டே வருகிறது.

சென்னையிலிருந்து கொழும்பு போக முதலில் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கே கப்பல் ஏற வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் புறப்படும் போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே கப்பலில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ரயில்வே ஆஸ்பத்திரி என்று மணல்மேட்டில் ஒரு ஊர் எழுந்தது. ரயிலும் கப்பலும் சந்திக்கும் நேரத்தை வைத்தே அங்கே பிழைப்பு நடந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பூகோள வகுப்பில் மத்தியதரைக் கடல் ஓரத்து மார்செய் துறைமுகத்தை மனப்பாடம் செய்தோம். அங்கிருந்து அல்ஜீரியாவுக்குக் கப்பல் போகும். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்கள் லட்சக்கணக்கில் பிரான்சுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கப்பலில் வந்து இறங்கிய இடம் மார்செய். அதைப் போன்ற கதை ஒன்று நம் கடற்கரையிலேயே நடக்கப் போகிறது என்று அப்போது யார் நினைத்தார்கள்?

போட் மெயிலில் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் போனார்கள். அவர்களைவிட முக்கியமானவர்கள், தேயிலைத் தோட்ட வேலைக்குக் கங்காணி அழைத்துப் போன ஏழை ஜனங்கள். திருச்சி, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தார். இவர்களைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்தில் நிறுத்திவைப்பார்கள். காலரா, பிளேக் போன்ற நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். அந்த முகாமை நம் மண்ணில் நடத்தியது இலங்கை அரசாங்கம். அந்த இடத்துக்கு இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றே பெயர்.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசிக்கொள்வது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போயிற்று. சேதமான பாம்பன் பாலத்தை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்குப் போகும் தண்டவாளத்தை மறுபடி போடவில்லை. ஊர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. புயல் கட்டடங்களைக் கொண்டுபோனது. கப்பலும் ரயிலும் போன பிறகு அந்த ஊருக்கு வேறு வேலை இல்லை.

ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் கேம்புக்கு வந்தார்கள். தாத்தா போகும்போது தங்கிய முகாமில் பேரன் வரும்போது தங்கினான். குடும்ப அட்டை கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். நீலகிரியில் அரசின் டான்டீ தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டது இவர்களுக்காகத்தான். என் பணிக்காலத்தில் 'தாயகம் திரும்பியோர்' மனுக்கள் சில என் மேசைக்கு வந்ததுண்டு. பிறந்த ஊர் ஹட்டன் என்றும், சொந்த ஊர் திருச்சிப் பக்கத்து ஒரு கிராமம் என்றும் எழுதியிருக்கும். அந்தச் சொந்த ஊரை மனுதாரர் பார்த்தே இருக்கமாட்டார். இரண்டு கட்டத்தையும் சரிபார்த்து முத்திரை போடுவது எங்கள் வேலை.

1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த அகதிகளும் அதே முகாமுக்கு வந்தார்கள். கப்பல் போக்குவரத்து எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. தலைமன்னார் வழி இன்னும் திறக்கவில்லை.

நம் அசோக் நகரிலிருந்து போவது இப்போது சுலபம். மெட்ரோவில் நேரே எழும்பூர், அங்கே ராத்திரி ராமேஸ்வரம் வண்டி. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததால் ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போகலாம். அங்கிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், மாலையானதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொப்பியும் குடிநீரும் அவசியம்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால் புயல் கதையோடு நிறுத்த வேண்டாம். பாலத்துக்கு முன்னால் மண்டபம் கேம்ப் வரும்போது ஜன்னல் வழியாகக் காட்டுங்கள். அந்த வழியாகப் போனவர்களும் வந்தவர்களும் நம் ஜனங்கள் என்று சொல்லுங்கள்.