சார்ள்ஸ்டன்: செங்கற்களில் எழுதிய சரித்திரம்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திலே, ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு நதிகளுக்கிடையே கடலை நோக்கி நாக்குப்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்தது சார்ள்ஸ்டன் நகரம். 1670-ல் ஆங்கிலேயர் நிறுவிய குடியேற்றம் அது. மன்னன் இரண்டாம் சார்ள்ஸின் பெயரை அதற்குச் சூட்டினர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் இங்கு வருகின்றனர். குதிரை வண்டியேறிப் பழைய வீதிகளைச் சுற்றுகின்றனர். ஈஸ்ட் பே வீதியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் நிரைத்து நிற்கும் 13 வீடுகளின் முன்னே படம் பிடிக்கின்றனர். படகேறிச் சம்டர் கோட்டைக்குச் செல்கின்றனர். 1861 ஏப்ரில் 12-ல் உள்நாட்டுப் போரின் முதற் குண்டுகள் பொழிந்தது அக்கோட்டைமீதே.

இவையெல்லாம் பார்க்கத்தக்கவையே. அழகை அழகென்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. ஆயினும், அந்த அழகைத் தம் கைகளால் ஆக்கியவர்கள் யாவர் என்ற கேள்வியைக் கேளாமல் திரும்புபவர் நகரின் பாதியைத்தான் கண்டவராவர். நகரின் பழைய சுவர்கள் சிலவற்றைக் கிட்ட நின்று நோக்கினால், செங்கற்களிலே விரல் பதிந்த பள்ளங்கள் தென்படும். களிமண் ஈரமாயிருக்கையில் அதைத் தூக்கி வைத்த அடிமைகளின் விரல்கள் அவை. சில மிகச் சிறியவை, குழந்தைகளுடையவை.

நகரின் செல்வம் நெல்லிலிருந்து பிறந்தது. வட அமெரிக்காவிலிருந்த பிரித்தானியக் குடியேற்றங்களுள் மிகச் செல்வம் படைத்த நகரங்களில் ஒன்றாகப் பதினெட்டாம் நூற்றாண்டிலே சார்ள்ஸ்டன் விளங்கியதென்றால், அதற்குக் காரணம் சதுப்பு நிலங்களில் விளைந்த நெல்லே. ஆங்கிலேயத் தோட்டத்துரைமாருக்கு நெல் வேளாண்மை பழக்கமானதன்று. ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலோ பல தலைமுறைகளாக நெல் விளைவித்த மக்கள் இருந்தனர். அவர்களுட் பலர் சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டனர். காடு வெட்டியதும், அணை கட்டியதும், கடலின் ஏற்றவற்றத்தைக் கணித்து மதகு திறந்து நன்னீரை வயலுக்குப் பாய்ச்சியதும் அவர்களே. வயலை அறிந்த எவருக்கும் இது வெறும் உடலுழைப்பன்று, கலை என்பது விளங்கும். களவாடப்பட்டது உழைப்பு மட்டுமல்ல, அறிவுந்தான். இதனைப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லவில்லை.

நகரின் பழைய சந்தையிலே கறுப்பினப் பெண்கள் இன்றும் கூடை பின்னி விற்கின்றனர். வாசனைப் புல்லைச் சுருளாகச் சுற்றி, பனையோலை நாரால் தைத்துச் செய்யும் அக்கூடைகளின் மூதாதை, வயற்களத்தில் நெல் புடைத்த சுளகு. பயணி அதனை அலங்காரப் பொருளாக வாங்கிப் போகிறார். அந்தச் சந்தையிலேதான் அடிமைகள் விற்கப்பட்டனர் என்று பலர் நம்புகின்றனர், அது பிழை. விற்பனை நடந்தது சுங்க மாளிகையை அடுத்த தெருவிலே. பட்டப்பகலில் தெருவில் விற்பதை நகர சபை 1856-ல் தடுத்தது. விற்பனையை அது தடுக்கவில்லை. மறைவிடத்துக்கு மாற்றியது, அவ்வளவுதான். அத்தகைய மறைவிடங்களுள் ஒன்று சாமர்ஸ் வீதியில் இன்று நூதனசாலையாக இருக்கின்றது. ஆயிரமாயிரம் ஆபிரிக்கர் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட கட்ஸ்டன் துறையிலே 2023-ல் இன்னொரு நூதனசாலை திறக்கப்பட்டது. அந்த மண்ணை மூடிவிடாதபடி கட்டடத்தைத் தூண்களின் மேல் எழுப்பியிருக்கின்றனர். சார்ள்ஸ்டனில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருப்பவர் அங்கே போகலாம்.

அடிமைகள் அடங்கிக் கிடந்தனர் என்பது ஆண்டைகள் எழுதிய சரித்திரம். சீட்டிழுப்பில் 1,500 டொலர் பரிசு பெற்று, அதில் 600 டொலரால் தன் விடுதலையை வாங்கிய தச்சன் டென்மார்க் வெசி, 1822-ல் பெருங்கிளர்ச்சியொன்றைத் திட்டமிட்டான் என்று குற்றஞ்சாட்டப்பட்டான். அவனும் வேறு 34 பேரும் தூக்கிலிடப்பட்டனர். அஞ்சிய ஆளும் வர்க்கம் ஆயுதசாலை கட்டியது. அதுவே பின்னர் இராணுவக் கல்லூரியாயிற்று. அப்பழைய கட்டடம் இப்பொழுது ஓட்டல். அதன் முன்னுள்ள சதுக்கத்தில், அடிமை முறை நன்மையே என்று வாதாடிய கல்ஹூனின் சிலை 100 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் 2020 வரை நின்றது. வெசிக்குச் சிலை எழுந்தது 2014-ல்தான். அதுவும் நகரின் மையத்துக்கு அப்பால், ஹம்ப்டன் பூங்காவிலே.

அந்தப் பூங்கா வேறொரு காரணத்துக்காகவும் காணத்தக்கது. போர்க்காலத்தில் அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலில் சிறைவைக்கப்பட்டு மாண்ட 257 வடபுலப் போர்வீரரின் உடல்களைக் கறுப்பினத் தொழிலாளர் முறைப்படி அடக்கம் செய்து வேலியும் கட்டினர். 1865 மே 1-ல், விடுதலை பெற்ற மக்கள் ஏறத்தாழ 10,000 பேர் மலர்களோடு அங்கே ஊர்வலம் வந்தனர். நகரம் இதனை நூறாண்டுக்கு மேலாக மறந்திருந்தது.

இறுதியாகக் கூப்பர் நதியோரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை. ஐந்து மாடி கொண்ட செங்கற் கட்டடம். 1945 ஒக்டோபரில் அங்குள்ள தொழிலாளர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், ஊதிய உயர்வும் நிற பேதம் நீங்கிய நடத்தையுங் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வெள்ளைத் தொழிலாளர் சிலரும் உடன் நின்றனர். மாரிக் குளிரிலே மறியல் நடத்திய அவர்கள், நாள் முடிவிலே தேவாலயப் பாட்டொன்றைப் பாடுவது வழக்கம். லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி நீட்டி நீட்டிப் பாட, ஏனையோர் தொடர்வர். தனியொருவரின் பக்தியைச் சொன்ன பாட்டு, மறியல் வரிசையிலே பலரின் பாட்டாக மாறிற்று. தெனசி மாநிலத்துத் தொழிலாளர் பள்ளியொன்றுக்கு அவர்களுட் சிலர் சென்றபோது பாட்டும் உடன் சென்றது. பின்னாளில் குடியுரிமைப் போராட்டத்தின் கீதமாக உலகெங்கும் ஒலித்த "வீ ஷல் ஓவர்கம்" அதுவே.

அவ்வேலைநிறுத்தம் 1946 வசந்தத்தில் முடிந்தது. கட்டடத்தில் இன்று அலுவலகங்கள் இயங்குகின்றன. வெளியே, 2013-ல் நாட்டிய அறிவிப்புப் பலகையொன்று அந்தப் பெண்களின் கதையைச் சில வரிகளிற் கூறுகின்றது.