அதிகாரத்தின் மூன்று சிலைகள்: புனித ஆஸ்கர் ரொமேரோவின் போதனை



அரசியலில் திருச்சபைக்கு என்ன வேலை என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வதோரின் பேராயர் புனித ஆஸ்கர் ரொமேரோ இதற்குத் தம் போதனையாலும் இரத்தத்தாலும் பதில் தந்தவர்.

1977 பிப்ரவரியில் அவர் சான் சால்வதோர் பேராயரானபோது, அரசியலை விட்டு விலகி நிற்பவர் என்றே பலரும் அவரை எண்ணினர். மூன்று வாரங்களுக்குள், மார்ச் 12 அன்று, ஏழை விவசாயிகளிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, உடன் பயணித்த முதியவர், சிறுவன் ஆகிய மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். உண்மை வெளிவரும்வரை அரசு விழாக்களில் பங்கேற்பதில்லை என்று பேராயர் அறிவித்தார். வானொலியில் ஒலிபரப்பான தம் ஞாயிறு மறையுரைகளில், கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

1979 ஆகஸ்டில் எழுதிய நான்காவது மேய்ப்புப்பணி மடலில், தம் நாட்டை அழிக்கும் மூன்று சிலைவழிபாடுகளை அவர் சுட்டிக்காட்டினார்.

1. செல்வம்: தனிச்சொத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது. நிலம் சிலரிடம் குவிந்து, உழுபவர் பசித்திருந்த நாடு அது.

2. தேசப் பாதுகாப்பு: நாட்டைக் காப்பதாகச் சொல்லி, நாட்டு மக்களையே வதைப்பது.

3. அமைப்பு: மக்களுக்காகத் தொடங்கிய இயக்கம், மக்களைவிடத் தன்னையே பெரிதாக எண்ணுவது.

மூன்றாவது சிலையைக் கவனியுங்கள். ஏழைகள் ஒன்றுசேரும் உரிமைக்காக வாதாடியவர், அவர்களுடைய அமைப்புகளையும் எச்சரித்தார். எக்கட்சியோடும் தன்னை இணைத்துக் கொள்ளாத திருச்சபையால்தான் இரு தரப்பினரிடமும் உண்மை பேச முடியும். திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் கட்டுண்டதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கற்பிக்கிறது (இன்றைய உலகில் திருச்சபை, எண் 76).

அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது என்கிறார் தூய பவுல் (உரோ 13:1). அப்படியானால் எந்த அதிகாரமும் கடவுள் ஆகிவிட முடியாது. அது அறநெறிக்கு எதிராகக் கட்டளையிட்டால் கீழ்ப்படியாதிருப்பது குடிமக்களின் மனச்சான்றுக் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2242) கூறுகிறது.

இதைத்தான் 1980 மார்ச் 23 ஞாயிறன்று பேராயர் படைவீரர்களிடம் கேட்டார். கொல்லாதே என்ற கடவுளின் கட்டளைக்கு எதிரான ஆணைக்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்றார். மறுநாள் மாலை, புற்றுநோயாளருக்கான மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஆணையிட்டவர் முன்னாள் இராணுவ மேஜர் ஒருவர் என்று 1993-இல் ஐ.நா. உண்மை ஆணையம் கண்டறிந்தது. 2018 அக்டோபர் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தந்தை கிராந்தேயும் உடன் இறந்த இருவரும் 2022 ஜனவரி 22 அன்று அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

உங்களுள் பெரியவராக விரும்புகிறவர் தொண்டராயிருக்கட்டும் என்பதே ஆண்டவரின் அரசியல் பாடம் (மாற் 10:43). வாக்களிக்கும்போதும் தலைவர்களைப் புகழும்போதும் நம்மையே கேட்போம்: நான் ஆதரிக்கும் கட்சி தவறு செய்தால், அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமுண்டா? என் சங்கத்தின் வெற்றிக்காக எளியவர் ஒருவரின் துன்பத்தைக் கண்டும் காணாமல் இருக்கிறேனா?

ஆண்டவரே, உம்மை மட்டுமே வணங்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.