மறுநாள் காலையில் போட்ட மார்க்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், ஹாஸ்டல், மெஸ், வாத்தியார்கள் பத்தியெல்லாம் கட்டுரை நிறைய வந்தாச்சு. நீங்க சரித்திரம் மாதிரி வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார் இளைய நண்பர் ஒருவர். எனக்குத் தெரிந்த வேறு சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். நம் கல்லூரியை விட்டு வெளியே போய் நான் படித்த இன்னொரு கல்லூரியின் கதை அது. அதையே எழுதுகிறேன். கடைசியில் நம் கல்லூரிக்கே வந்து சேருவேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1999 ஆகஸ்டில் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஊர் பெயர் ஆன் ஆர்பர். சனிக்கிழமை ஆனால் ஊரே மஞ்சளும் நீலமுமாக உடுத்திக்கொண்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடும். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் அது. ஆடுகிறவர்களோ காலேஜ் பையன்கள்! எழுபது வயசுப் பழைய மாணவர்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு பேரனோடு வருவார். அவர்கள் ஊர் ஃபுட்பால் நம் கால்பந்து இல்லை. காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவதும், அணைத்துக்கொண்டு ஓடுவதும்தான் ஆட்டம். பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்று நொடிக்குள் முடிவு எடுப்பவர் குவார்ட்டர்பேக். கப்பலுக்கு மாலுமி மாதிரி.

இந்தக் காலேஜ் பையன்களைத் தொழில்முறை அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் சடங்குக்குப் பெயர் டிராஃப்ட்.

கரும்பலகையில் தொடங்கிய கதை

டிராஃப்டை யோசித்தவர் பெர்ட் பெல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதால் அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 1935-ல் அவர் மற்ற முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார்: காலேஜை முடிக்கும் பையன்களை வரிசையாக எடுப்போம், போன வருஷம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. ஏலம் கிடையாது. எடுத்த அணியோடுதான் பையன் சம்பளம் பேச வேண்டும். ஜெயித்துக்கொண்டிருந்தவர்களும் இதற்கு ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம்.

1936 பிப்ரவரி 8-ந் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் 9 அணிகள் கூடின. 9 சுற்றுகளில் 81 பெயர்கள். டெலிவிஷனும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு கரும்பலகையில் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். நாட்டின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான கோப்பையை முதன்முதலாக வாங்கியவரும் அவர்தான். அந்தக் கோப்பைக்குப் பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் வந்தது.

டிராஃப்ட் சரித்திரத்தின் முதல் மனிதர் என்ன ஆனார்? தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை! சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை. நுரை ரப்பர் விற்கும் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி நன்றாகவே வாழ்ந்து 2002-ல் காலமானார். அவருடைய கோப்பை ரொம்ப நாள் உறவுக்கார அம்மாள் ஒருவர் வீட்டில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததாம்.

நிபுணர்கள் வந்தார்கள்

1980-ல் இ.எஸ்.பி.என். டெலிவிஷன் டிராஃப்டை முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பியது. பெயர் வாசிப்பதை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று முதலாளிகளுக்கே சந்தேகம். ஜனங்கள் பார்த்தார்கள்! 1984-ல் மெல் கைப்பர் என்ற இளைஞர் அதே டெலிவிஷனில் நிபுணராக வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பையனின் உயரம், எடை, ஓட்ட வேகம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டிராஃப்ட் முடிந்ததும் எந்த அணி எப்படித் தேர்ந்தெடுத்தது என்று ஏ, பி, சி என மார்க் போடுவது வழக்கமாயிற்று. பத்திரிகைகளும் போட்டன. பையன்கள் இன்னும் புது அணியின் சட்டையைப் போட்டு மைதானத்தில் இறங்கவே இல்லை. மறுநாள் காலையில் மார்க் ஷீட் தயார்!

1994-ல் இந்த மார்க் விவகாரம் சண்டையாகவே வெடித்தது. இண்டியானாபொலிஸ் அணி டிரென்ட் டில்ஃபர் என்ற குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, நெப்ராஸ்காவின் டிரெவ் ஆல்பர்ட்ஸை 5-வதாக எடுத்தது. கைப்பர் நேரடி ஒளிபரப்பிலேயே கண்டித்தார். அணியின் பொறுப்பாளர் பில் டோபினுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஆள் யார், இவருக்கு என்ன தகுதி என்று அதே டெலிவிஷனில் பொரிந்து தள்ளினார்.

யார் சொன்னது சரி? ஆல்பர்ட்ஸ் காயங்களால் 3 பருவங்களிலேயே ஓய்வு பெற்றார். அந்த வகையில் கைப்பர் கட்சி ஜெயித்தது. டில்ஃபரை அடுத்து எடுத்த அணி 6 வருஷம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகவிட்டது. அங்கே டோபின் கட்சிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. 2001 ஜனவரியில் அதே டில்ஃபர் பால்ட்டிமோர் அணியில் சூப்பர் பௌல் ஜெயித்தார். உடனே பழைய கட்சி மறுபடி எழுந்தது. அது தடுப்பு ஆட்டக்காரர்கள் ஜெயித்துக் கொடுத்த கோப்பை என்றார்கள் மற்றவர்கள். இப்படியே போய்க்கொண்டிருக்கும், முடிவு கிடையாது.

எங்கள் பையன், அவர்கள் பையன்

காலேஜ்காரர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆவேசம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. என் லேபில் இருந்த மிஷிகன்காரர் புரியவைத்தார். 1998 ஜனவரி 1-ந் தேதி ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிஷிகன் அணி வாஷிங்டன் ஸ்டேட் அணியை 21-16 என்று தோற்கடித்தது. தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் ரையன் லீஃப். ஜெயித்தது எங்கள் பிரையன் கிரீஸி. மூன்றே மாதத்தில் டிராஃப்ட். லீஃபை 2-வதாக எடுத்தார்கள், கிரீஸியை 91-வதாக! "நேருக்கு நேர் ஜெயிச்சவன் 91, தோத்தவன் 2-ஆ?" என்று அவர் என்னிடம் கேட்டபோது இரண்டு வருஷம் ஆகியும் ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை. பையனுக்குப் போட்ட மார்க்கைத் தன் கல்லூரிக்குப் போட்ட மார்க்காகவே அவர் எடுத்துக்கொண்டார். லீஃப் சில வருஷங்களிலேயே ஆட்டத்தை விட்டு மறைந்தார். கிரீஸியோ 2000 பருவத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கே தேர்வானார். அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் டோனட் வந்தது.

ஆனால் "எங்களுக்குத்தான் எங்கள் பையனைத் தெரியும்" என்று காலேஜ்காரர்கள் சொல்வதும் முழு உண்மை இல்லை. அதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

நான் போன வருஷம் மிஷிகனுக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகள். கடைசி வருஷ மாணவர் டாம் பிரேடி. ஒல்லி, ஓட்டத்தில் ஆமை. இன்னொருவர் உள்ளூர்ப் பக்கத்துப் பையன் ட்ரூ ஹென்சன். ராஜகுமாரன் மாதிரி இருப்பார், பேஸ்பாலிலும் கெட்டிக்காரர், நியூயார்க் யாங்கீஸ் அவரை ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தது. கோச் லாயிட் கார் முதல் 7 ஆட்டங்களில் இருவரையும் மாற்றி மாற்றி இறக்கினார். கேன்டீனில் கேட்டால் பத்துக்கு ஏழு பேர் ஹென்சன் பக்கம். ஆட்டமே புரியாத நானும் கூட்டத்தோடு கூட்டமாக ஹென்சன் கட்சி! கடைசியில் பிரேடிக்கே இடம் நிலைத்தது. 2000 ஜனவரி 1-ந் தேதி ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அலபாமாவிடம் இரண்டு முறை 14 பாயின்ட் பின்தங்கி, இரண்டு முறையும் எட்டிப்பிடித்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

அந்த ஏப்ரலில் டிராஃப்ட். 40 கெஜ ஓட்டத்துக்குப் பிரேடி 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். அவருடைய இடத்துக்கே அது மந்தம். ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை நேரம். பொது அறையில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று 6 குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். ஆறாவது சுற்றில் 199-வது பெயராக நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸ் பிரேடியை எடுத்தது. யாரும் கைதட்டவில்லை. "பரவாயில்லை, உட்கார்ந்து சம்பளம் வாங்குவான்" என்றார் லேப் நண்பர். நிபுணர்கள் மட்டும் தவறவில்லை. நாலு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த நாங்களும் தவறினோம்.

அடுத்த வருஷம் 2001-ல் மிஷிகனிலிருந்து மூன்று பேர் முதல் சுற்றிலேயே போனார்கள். பந்தைப் பிடிக்கும் டேவிட் டெரல் 8-வது. ஸ்டீவ் ஹட்சின்சன் 17, ஜெஃப் பேக்கஸ் 18. பின்னவர்கள் இருவரும் முன்வரிசையில் நின்று மோதும் தடியர்கள். எங்கள் பேச்செல்லாம் டெரலைப் பற்றித்தான். முன்வரிசைக்காரர்களைப் பற்றி யார் பேசுவார்கள்? டெரல் எதிர்பார்த்த அளவு சோபிக்கவில்லை. பேக்கஸ் டெட்ராய்ட்டுக்கு 12 பருவங்கள் உழைத்தார். ஹட்சின்சன் 2020-ல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

அதே 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாண்ட் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ பலத்த காயம் பட்டு வெளியே போனார். அவர் 1993 டிராஃப்டில் முதல் பெயர். அவருடைய இடத்தில் இறங்கியது 199-வது பெயர். 2002 பிப்ரவரி 3-ந் தேதி சூப்பர் பௌல். அப்போது நான் டெட்ராய்ட் பக்கம் வேலையில் இருந்தேன். எதிரணியின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். 1994-ல் இவரை எந்த அணியும் எந்தச் சுற்றிலும் எடுக்கவே இல்லை. மளிகைக் கடையில் அலமாரியில் சாமான் அடுக்கிப் பிழைத்தவர். ஆக, நாட்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் ஒரு பக்கம் 199, இன்னொரு பக்கம் நம்பரே கிடைக்காதவர்! 20-17 என்று பிரேடி ஜெயித்தார். 2023-ல் ஓய்வு பெறும்போது அவரிடம் 7 சூப்பர் பௌல்கள். ஹென்சன்? பேஸ்பாலில் நிலைக்கவில்லை, திரும்பி வந்து ஃபுட்பாலில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் முதல் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். அவருக்கு நாங்கள் கேன்டீனில் போட்டிருந்தது ஏ பிளஸ்.

மார்க்கின் மதிப்பு என்ன?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தேலர், அதாவது நம் பெர்வாங்கர் படித்த அதே இடம்; பின்னால் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். இன்னொருவர் கேட் மாஸ்ஸி. 2013-ல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்வது இது: ஒரே வகை ஆட்டக்காரர்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் மேலானவராக அமையும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்! நிபுணர்கள் முட்டாள்கள் என்று அர்த்தமில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முதல் சுற்றுக்காரர்கள் ஏழாம் சுற்றுக்காரர்களைவிட மேல்தான். ஆனால் தங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று அணிகள் நம்புகின்றன.

அந்த நம்பிக்கை இன்றும் குறையவில்லை. 2025 டிராஃப்டில் கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸை முதல் ஐந்துக்குள் வைத்திருந்தார் கைப்பர். பையன் 144-வதாகத்தான் போனார். கைப்பர் டெலிவிஷனில் கொந்தளித்தார். 41 வருஷ அனுபவம், அதே சூடு!

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். நானும் மார்க் போட்டவன். சில வருஷங்களுக்கு முன், வேலை பார்த்த கம்பெனி சார்பில் நம் கல்லூரிக்கே ஆள் எடுக்க வந்தேன். ஆளுக்கு இருபது நிமிஷம். ஒரு பையன் கேள்விக்குத் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். விடை சரி, வார்த்தைதான் வரவில்லை. பக்கத்தில் "சி" என்று எழுதினேன். டீ ஆறிப்போயிற்று என்ற எரிச்சலும் அப்போது இருந்தது. எட்டு வருஷம் கழித்து எங்கள் வாடிக்கையாளர் அலுவலகத்தில் எங்கள் வேலையைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். எங்கள் ஆட்கள் மூன்று மாதம் தேடியும் அகப்படாத தப்பை ஒரே மாலையில் காட்டினார். போகும்போது, "சார், உங்களை எனக்குத் தெரியும். நீங்க காலேஜுக்கு வந்திருந்தீங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது திக்கல் அதிகமில்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

இங்கே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, மார்க்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆள் எடுப்பவன் ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும்; பெர்ட் பெல்லுக்கும் கரும்பலகை வேண்டியிருந்தது. அந்த எழுத்து இருபது நிமிஷத்துக்கு உரியது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "ஏ" வாங்கியவர்களுக்கும் இதே பேச்சுதான், டெரலும் "ஏ"தான்.

என் வயசுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்கக் கூட்டத்தில் "இந்த பேட்ச் சுமார்தான்ப்பா" என்று நாம் சொல்கிறோமே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம். நாமும் ஒரு காலத்தில் சுமார் பேட்ச்தான்! இந்த வருஷம் வேலை கிடைத்தவர்கள் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும், பாருங்கள். அதில் பெயர் இல்லாத பிள்ளைகளையும் சந்திப்பன்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். நான் வருகிறேன். அன்றைக்கு கையில் பேனா இருக்காது.