ஹெரோடோட்டஸ் கேட்ட கதை

கி.மு. 5-ம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்தைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒன்றைச் சொல்கிறார். ஆன்மாவுக்கு அழிவில்லை என்று முதலில் சொன்னவர்கள் எகிப்தியர்களாம். உடல் மடிந்ததும் உயிர் நிலத்திலும் நீரிலும் வானிலும் வாழும் எல்லாப் பிராணிகளுக்குள்ளும் புகுந்து புறப்பட்டு, 3,000 ஆண்டுகள் கழித்து மறுபடி மனித உடலுக்கு வருமாம். கிரேக்கர் சிலர் இதைத் தங்கள் சொந்தச் சரக்காகச் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் பெயர் தெரியும், எழுத மாட்டேன் என்று ஒரு குத்தல் வேறு!

எகிப்தியர்களின் சொந்த எழுத்துகளைப் புரட்டினால் இந்த 3,000 ஆண்டுப் பயணத்தைக் காணோம். யோசித்துப் பாருங்கள். வேறு உடலுக்குக் குடிபோகிற உயிருக்குப் பழைய உடல் எதற்கு? அதைப் பதப்படுத்த 70 நாள் பாடுபட்டார்கள். மூளையைக் கொக்கி விட்டு மூக்கு வழியே எடுத்து எறிந்தார்கள். நேட்ரான் உப்பில் உடலை உலர்த்தினார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். அவர்கள் கணக்கில் அறிவு குடியிருந்த இடம் அதுதான்.

மறுமையின் வழக்குமன்றத்தில் தராசில் ஏறுவதும் அந்த இதயமே. எதிர்த்தட்டில் உண்மையின் தேவதையான மாத்தின் இறகு. இதயம் கனத்தால் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் அதை விழுங்கிவிடும். அதோடு எல்லாம் முடிந்தது. பாவத்துக்குப் புழுவாகப் பிறக்கும் வாய்ப்புகூட இல்லை. அதனால்தான், எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்திடமே கெஞ்சும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்துப் பிணத்தின் நெஞ்சில் வைத்தார்கள். சொந்த நெஞ்சே பிறழ்சாட்சியாகிவிடுமோ என்ற பயம்!

தேறியவருக்கு நாணல் வயல் என்ற சொர்க்கம் கிடைக்கும். அங்கும் உழவு உண்டு. வேலைக்கு ஆள் வேண்டாமா? பிற்காலக் கல்லறைகளில் நாளுக்கு ஒன்றாக 365 உஷப்திப் பொம்மைகள், அவற்றை மேய்க்க 36 கங்காணிப் பொம்மைகள் என்று வைப்பது வழக்கமாயிற்று.

அப்படியானால் ஹெரோடோட்டஸ் எங்கே இடறினார்? பிரிட்டிஷ் மியூசியத்தில், கி.மு. 1250 வாக்கில் அனி என்ற அரசுக் கணக்கருக்காக எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. பருந்தாக, தகைவிலானாக, நாரையாக, தாமரையாக, முதலையாக மாறும் மந்திரங்களை அதில் படத்தோடு பார்க்கலாம். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தோ, பூசாரிகள் சொன்னதைக் கேட்டோ அவர் குழம்பியிருக்கலாம் என்பது என் ஊகம். இந்த உருமாற்றம் வினைப்பயனால் வரும் பிறவி அல்ல. செத்தவர் விரும்பி எடுக்கும் வடிவம். மனிதத் தலையுள்ள பறவையாக வரையப்படும் உயிரான ‘பா’ பகலில் வெளியே சுற்றும், இரவில் தன் மம்மிக்கே திரும்பும். வீடு இடிந்தால் பறவை எங்கே போகும்? 70 நாள் பாடு அதற்காகத்தான்.

ஹெரோடோட்டஸ் பெயர் சொல்லாமல் விட்ட கிரேக்கர்களில் பித்தாகரஸும் ஒருவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. செனோஃபனீஸ் என்ற கவிஞர் அவரைக் கிண்டலடித்த கதை ஒன்று உண்டு. தெருவில் ஒருவன் நாய்க்குட்டியை அடிக்கிறான். பித்தாகரஸ் ஓடிப்போய்த் தடுக்கிறார். அந்த ஊளையில் அவருக்குச் செத்துப்போன நண்பரின் குரல் கேட்டதாம்.

(தொடரும்)